ஊரப்பாக்கம் மாமா பதில்கள்: 2022இல் வீட்டுக்குள்ளே கொரோனா ஊசிச் சண்டை

பையனுக்கு 13 வயது. ஊசி வேண்டாம் என்கிறார் மாமியார். ‘அம்மா சொன்னா சரிதான்’ என்கிறார் கணவர். என்ன செய்ய?
(மாமியாருக்குத் தெரியக்கூடாத மருமகள், கூடுவாஞ்சேரி)

ஓட்டெடுப்பு நடத்தினால் 2க்கு 1 என்று தோற்பீர்கள், நடத்தாதீர்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாசாமாசம் மாமியாருக்கு பிபி மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறாரே ஒரு அக்கா, அவரை உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள். 12 முதல் 14 வயதுக்கு 2022 மார்ச் 16ஆம் தேதியிலிருந்து கோர்பிவேக்ஸ் போடத் தொடங்கினார்கள் என்பதை அவர் வாயால் சொல்லட்டும். அதே சேதியை நீங்கள் சொன்னால் அது மருமகள் பேச்சு. அவர் சொன்னால் மருத்துவம்.

ஊசிக்குச் சம்மதம் சொல்ல அப்பாதான் வேண்டுமா? அம்மா போதாதா?
(கையில் பேனாவோடு ஒரு தாய், பெருங்களத்தூர்)

மகன் பெயரில் பத்திரம் வாங்கப்போன எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம், அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டது ரிசர்வ் வங்கி. அம்மா விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவர் பிள்ளை விஷயத்தில் ஒதுங்கிக்கொண்டால் தாயும் இயற்கைப் பாதுகாவலர்தான் என்று 1999இல் சொன்னது உச்ச நீதிமன்றம். சோபாவில் படுத்துக்கொண்டு ஐபிஎல் பார்ப்பது ‘ஒதுங்குவதில்’ சேருமா என்பதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

‘கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டான்’ என்று பெரியப்பா குதிக்கிறார்.
(சட்டம் தெரியாத தம்பி மகன், வண்டலூர்)

பெரியப்பா சொல்வது நிஜம். ஆனால் பாதி நிஜம். தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2ஆம் தேதி வந்த தீர்ப்பு, யாரையும் பிடித்து இழுத்து ஊசி போடக்கூடாது என்றது. அதே தீர்ப்பு, அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறு காண முடியாது என்றது. பிள்ளைகளுக்குப் போடுவதையும் தடுக்கவில்லை. பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளின் முடிவுகளை மக்கள் பார்வைக்கு வையுங்கள் என்று அரசுக்கு ஒரு குட்டும் வைத்தது. அந்தக் குட்டு நியாயமானது. தீர்ப்பையும் பிரியாணியையும் அடிவரை தோண்ட வேண்டும் பெரியப்பா, மேலாக இருப்பது வெறும் சோறு.

ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டுவிட்டு ஊசி போட்டால் ஆபத்தாமே?
(மட்டன் பிரியர், மறைமலை நகர்)

இந்த வதந்திக்காகவே ஞாயிற்றுக்கிழமை மெகா தடுப்பூசி முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், 2021 அக்டோபரில். கறி தின்றவரும் ‘சரக்கு’ போட்டவரும் முகாம் பக்கம் வரவே பயப்படுகிறார்கள் என்று அன்றைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே காரணம் சொன்னார். விஞ்ஞானம் மட்டனோடு சமாதானம் பேசியது தமிழ்நாட்டில்தான்.

நடிகர் விவேக் சாவுக்கு என்ன பதில்?
(கோபமான வாசகர், சேலையூர்)

நையாண்டி இல்லாமல் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி போய்விட்டார். விசாரித்த தேசிய நிபுணர் குழு, ஊசி காரணமல்ல என்று அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. முதல் சேதி ஊர் முழுக்கப் போனது. இரண்டாவது சேதியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. மற்றவர்கள் பயம் தெளிய வேண்டுமென்று கேமரா முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர் அவர். அவரையே பயத்துக்கு விளம்பரமாக்கிவிட்டோம்.

வேப்பிலையும் மஞ்சளும் இருக்க ஊசி எதற்கு? நம் முன்னோர் முட்டாளா?
(பாரம்பரியம், ஆதனூர்)

இல்லவே இல்லை. பெரியம்மையைத் தடுக்க அம்மைப்பால் குத்தவந்தபோது அவர்களும் உங்களைப் போலவே முறைத்தார்கள். திருக்குறளுக்கு உரை எழுதிய சென்னை கலெக்டர் எல்லிஸ், பசு அம்மை என்பது அம்மன் கொடுத்த வரம் என்று தமிழில் ஒரு கதையே எழுதிப் பார்த்தார். 200 வருஷம் ஆகிறது. இன்று பெரியம்மை இல்லை, மாரியம்மன் இருக்கிறாள், ஆடியில் கூழும் இருக்கிறது. யாருக்கு நஷ்டம்?

சிங்கத்துக்குக் கொரோனா வந்ததே, அதுக்கும் ஊசி போட்டாங்களா மாமா?
(ஏழாம் வகுப்பு மாணவி, ஊரப்பாக்கம்)

நம் வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் 2021 ஜூன் 3ஆம் தேதி நீலா என்கிற 9 வயதுப் பெண் சிங்கம் செத்துப்போனது. அடுத்து பத்மநாதன் என்கிற ஆண் சிங்கம். அப்போது அவற்றுக்கு ஊசி கிடையாது. விலங்குகளுக்கான ‘அன்கோவேக்ஸ்’ 2022 ஜூனில்தான் வந்தது. சிங்கத்துக்குப் போடுவது சுலபம் கண்ணு, மயக்க மருந்துத் துப்பாக்கி இருக்கிறது. உங்கள் அப்பாவைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டம்.

செங்கல்பட்டிலேயே தடுப்பூசித் தொழிற்சாலை இருக்கிறதாமே?
(திருமணி வழியாகப் போகிறவர்)

இருக்கிறது. அன்றைய முதல்வரே 2021 மே மாதம் போய்ப் பார்த்தார். தடுப்பூசிதான் 2022 ஜூன் வரை வரவில்லை.

தடுப்பூசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜால்ரா போடுவீர்களோ?
(சந்தேகப் பேர்வழி, தாம்பரம் சானடோரியம்)

காசநோய் மருத்துவமனை இருக்கும் சானடோரியத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, அதனால் காசநோயிலிருந்தே பதில். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி ஊசியைச் சோதிக்க ஒரு பெரும் ஆய்வு தொடங்கினார்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல். ஊர் ஊராகப் போய், வருஷக்கணக்கில் சளி எடுத்துப் பார்த்தார்கள். முடிவு? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. அதை மூடி மறைக்காமல் உலகத்துக்கே அறிவித்தார்கள். ஆனாலும் பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடுகிறோம். மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்து சிசுவை அது காக்கிறது. எது வேலை செய்யும், எது செய்யாது என்று இரண்டையும் சொல்கிறவனை நம்பலாம். உங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு சித்தப்பாவாவது ‘நேற்று நான் அனுப்பியது தப்பு’ என்று எழுதியிருக்கிறாரா?

எங்கள் பாப்பாவுக்கு 8 வயது. உடனே போடணும் என்கிறேன் நான். கூடாது என்கிறாள் மனைவி. ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
(உப்புமா தின்னும் கணவர், மண்ணிவாக்கம்)

12 வயதுக்குக் கீழே அவசர அனுமதி 2022 ஏப்ரல் 26ஆம் தேதியே கொடுத்துவிட்டார்கள். ஆனால் 2022 ஜூன் வரை அரசு முகாமில் போடத் தொடங்கவில்லை. இல்லாத ஊசிக்காக இருக்கிற சாப்பாட்டை இழந்த முதல் ஆள் நீங்கள்தான்.

தடுப்பூசிக்கான கோவின் தளப் பதிவுக்கு யார் போன் நம்பர் கொடுப்பது என்பதிலேயே சண்டை!
(கூட்டுக் குடும்பம், முடிச்சூர்)

ஒரு நம்பரில் 6 பேர் பதியலாம் என்று 2022இல் அறிவித்தார்கள். ஓடிபி வரும்போது போனை எடுக்கிறவர் நம்பரைக் கொடுங்கள். அநேகமாக அது பாட்டியாக இருக்கும்.

‘இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று ஜனவரியிலிருந்து சொல்கிறார் என் வீட்டுக்காரர். மகளுக்கு 15 வயது.
(பொறுமை போன மனைவி, ஊரப்பாக்கம்)

2022இல் திறக்காமலே கிடந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறக்கட்டும் என்று காத்திருந்தாரோ? 2022 ஜனவரி 3ஆம் தேதியே அவள் வயதுக்குக் கோவாக்சின் போடத் தொடங்கிவிட்டார்கள். பள்ளி அடையாள அட்டை போதும் என்றார்கள், போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள். முதல் தவணையைப் போட்டுவிட்டு வந்து சண்டையைத் தொடருங்கள். அடுத்த தவணைக்கு 28 நாள் இருக்கிறது.