முட்டிக்குள் மடையும் கடைமடையும்

முழங்கால் ஜவ்வு பற்றிக் குளத்தூர் வட்டார வாசகர்களின் கேள்விகள்

கபடி ஆடும் இளைஞர், குளத்தூர்

கேள்வி: ரெய்டு போனபோது கால் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் ‘டொக்’ என்றது. ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தேன். விடிந்து பார்த்தால் முட்டி பனங்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. ‘ஜவ்வு கிழிந்திருக்கும்’ என்கிறார் டாக்டர். அது என்ன ஜவ்வு?

பதில்: தொடை எலும்பின் அடி உருண்டை, அதைத் தாங்கும் கால் எலும்பின் தலை கிட்டத்தட்ட தட்டை. உருண்டைப் பானை தரையில் ஆடாமல் நிற்க அடியில் பிரிமணை வைப்போம் அல்லவா? முட்டிக்குள் அந்த வேலையைச் செய்பவை பிறை வடிவில் இருக்கும் இரண்டு குருத்தெலும்புகள். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. ‘மெனிஸ்கஸ்’ என்ற மருத்துவப் பெயருக்கே கிரேக்கத்தில் குட்டிப் பிறை என்றுதான் பொருள். உடம்பின் பாரத்தைப் பரப்பிவிடுவதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் இவைதான். பாதம் ஊன்றியிருக்க மடங்கிய முட்டி திருகினால், இரண்டு எலும்புக்கும் நடுவே சிக்கிக் கிழியும்.

வீக்கம் மறுநாள் வந்தது என்கிறீர்கள். ஜவ்வுக் கிழிசலில் பெரும்பாலும் அப்படித்தான். ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி புடைத்திருந்தால் உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் மீதுதான் முதல் சந்தேகம் வரும். இரண்டும் சேர்ந்து போவதும் உண்டு என்பதால், இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள் தம்பி. அதுவரை ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் கால். மைதானப் பக்கம் போகவே வேண்டாம்.

விவசாயி, கீரனூர்

கேள்வி: கை கிழிந்தால் தானாக ஆறுகிறது. ஜவ்வு மட்டும் ஏன் ஆறுவதில்லை?

பதில்: கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்கிறவருக்கு இது சட்டென்று புரியும். மடையை ஒட்டிய வயல் நனைந்துவிடும். கடைமடை காய்ந்து கிடக்கும். ஜவ்வுக்கு ரத்தம் வெளி ஓரத்திலிருந்து பாய்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி எட்டுவதில்லை. அந்த மடையோரத்தில் கிழிந்தால் சேர வாய்ப்புண்டு, தைத்தாலும் பிடிக்கும். உள் ஓரம் கடைமடை. ரத்தம் போகாத இடத்தில் காயம் ஆறாது. டாக்டர்கள் முன்னதைச் சிவப்பு மண்டலம் என்றும் பின்னதை வெள்ளை மண்டலம் என்றும் சொல்வார்கள். கிழிசல் எந்த வயலில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைத்தியத்தில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

கூலி வேலை பார்க்கும் பெண், நார்த்தாமலை

கேள்வி: கடலைக்கொல்லையில் குத்தவைத்துக் களையெடுத்துவிட்டு எழுந்தேன். முட்டியின் பின்பக்கம் சுரீர் என்றது. அன்று முதல் படி இறங்க முடியவில்லை. ‘வயசாயிருச்சும்மா’ என்கிறான் மகன். எனக்கு 52.

பதில்: மகனையும் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போங்கள் அம்மா. குத்தவைத்து எழும்போது பின்பக்கம் ‘சுரீர்’ என்பது, ஜவ்வின் வேர் பிடுங்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். மாடு கட்டிய கயிறு நன்றாக இருக்கிறது, முளை பிடுங்கிக்கொண்டது என்று வையுங்கள். கயிறு இருந்தும் மாடு நிற்காது. அதேபோல, வேர் போன ஜவ்வால் பாரம் தாங்க முடியாது. ஜவ்வே இல்லாத முட்டிக்குச் சமம். தரையில் குந்தி வேலை செய்கிற நடுவயதுப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. மூட்டு தேயத் தொடங்குமுன் கண்டுபிடித்தால், வேரை எலும்போடு மறுபடி இழுத்துக் கட்ட முடியும். ‘வயசு’ என்ற ஒரு சொல்லால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை

கேள்வி: வயது 66. லேசான முட்டி வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ‘கிழிசல்’ என்று வந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கட்டுமா?

பதில்: பொறுங்கள் ஐயா. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 50 முதல் 90 வயதுவரை உள்ள 991 பேரின் முட்டியை ஸ்கேன் செய்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை. தலை நரைப்பதுபோல ஜவ்வும் நைந்துபோகும். 2013இல் ஃபின்லாந்து மருத்துவர்கள் 146 பேரிடம் இன்னொன்றைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நைந்த ஜவ்வை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியிருந்தார்கள்.

முட்டி பூட்டிக்கொள்ளாமல் வலி மட்டும் இருந்தால், முதல் மருந்து உடற்பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுங்கள். இப்படிப் பத்து முறை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவதை மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். ‘ஹோம்வொர்க்’ கொடுத்தே பழகியவர் நீங்கள். இப்போது உங்கள் முறை.

இல்லத்தரசி, குளத்தூர்

கேள்வி: எண்ணெய் போட்டு நீவினால் ஜவ்வு சேராதா?

பதில்: தசைப்பிடிப்புக்கு நீவல் இதம் தரும். ஜவ்வு இருப்பது இரண்டு எலும்புக்கு நடுவே. எந்த எண்ணெயும் அங்கே எட்டாது. முட்டியைத் திருகி ‘எடுத்துவிட’ மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். சின்னக் கிழிசல் பெரிதாகிவிடும்.

மாடுபிடி வீரர், விராலிமலை

கேள்வி: முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை. தை பிறக்குமுன் சரியாகிவிடுமா?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் அவசரமானது உங்களுடையது. கிழிந்த துண்டு வாளியின் கைப்பிடிபோல் புரண்டு மூட்டுக்குள் விழுந்திருக்கலாம். சில நாட்களுக்குள் டாக்டரைப் பாருங்கள். தைக்க முடிந்தால், களத்துக்குத் திரும்ப நாலு முதல் ஆறு மாதம் ஆகலாம். துண்டை வெட்டி எடுத்தால் சில வாரங்கள் போதும். ஆனால் போன துண்டு போனதுதான். டென்னிஸ் வீரர் ஜோகோவிச் 2024 ஜூன் 5ஆம் தேதி பாரிஸில் ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்டு, ஆகஸ்ட் 4ஆம் தேதி அதே ஊரில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதைப் பார்த்து நாள் எண்ண வேண்டாம். கிழிசலுக்குக் கிழிசல் கணக்கு வேறு. வாடிவாசல் அடுத்த தையிலும் திறக்கும்.

கல்லூரி மாணவி, கீரனூர்

கேள்வி: முன்பெல்லாம் ஜவ்வையே முழுசாக எடுத்துவிடுவார்களாமே?

பதில்: ஆமாம், குடல்வால்போல வேண்டாத உறுப்பு என்று நினைத்தார்கள். எடின்பரோவில் அறுவை மருத்துவர் தாமஸ் அனன்டேல் 1883லேயே ஜவ்வைத் தைத்துக் காட்டியும், எடுத்துவிடும் வழக்கம்தான் நெடுநாள் நீடித்தது. ஜவ்வு போன முட்டி நாளடைவில் எப்படித் தேய்கிறது என்று 1948இல் மருத்துவர் ஃபேர்பேங்க் எக்ஸ்ரேயில் காட்டினார். 1962இல் ஜப்பானின் வதனபே சிறு துளைவழியாகக் கருவியை நுழைத்து, கிழிந்த பகுதியை மட்டும் நீக்கினார். இன்றைய பாடம்: காக்க முடிந்ததைக் காப்பாற்று.

இன்னொரு வாசகர், குளத்தூர்

கேள்வி: ஜவ்வு கிழிந்து பயிற்சியில் தேறி வருகிறேன். நார்த்தாமலை ஏறலாமா?

பதில்: ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்குப் பாரம் அதிகம். வலியும் வீக்கமும் இல்லாமல் வீட்டுப் படியில் ஒற்றைக் காலால் மெதுவாக இறங்க முடிகிறதா என்று டாக்டர் முன்னிலையில் பாருங்கள். முடிந்தால் புறப்படுங்கள். விஜயாலய சோழீச்சரம் கோயில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்தப் பாறையில் நிற்கிறது. உங்கள் முட்டிக்காக இன்னும் மூன்று மாதம் காத்திருக்கும்.