கடுக்கா குடுக்காதடா பேராண்டி

வாடா பேராண்டி, குந்து. கல்வராயன் மலைக் கடுக்கா ஊர் ஊரா போவுது, நீ அதை எனக்கே குடுக்கப் பாக்கறியா? கம்ப்யூட்டர்ல பொம்மையை நடக்க வெக்க மேல்படிப்பாம், எம்.டெஸ்ஸாம், வெள்ளிமலையிலேர்ந்து பம்பாய் ஐஐடிக்காம். போயேன், யாரு வேணான்னா?

அதுக்கு ‘சீடு’ன்னு ஒரு பரீட்சை இருக்குதே, அதுல பென்சிலைப் புடிச்சுக் கையால வரையணுமாம். கம்ப்யூட்டரே வரைஞ்சுக்கும்னுதானே நீ கெளம்புனே? மூணாவது படிக்கறப்ப நீ சுவத்துல போட்ட பசுவுக்கு அஞ்சு காலு. கேட்டா, ஒண்ணு வாலுன்னு சாதிச்சே.

அன்னிக்கு ஒரு டீ கெட்டில் கதை சொன்னியே, அதை நெனச்சா இன்னும் சிரிப்பு வருது. 1975-ல அமெரிக்காவுல, யூட்டா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் நியூவெல்னு ஒருத்தர். டீ குடிக்கறப்ப பொண்டாட்டி சொன்னாங்கன்னு அந்தக் கெட்டிலையே கணக்காக்கிக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாராம். அன்னிலேர்ந்து உங்காளுங்க அது மேல வெளிச்சம் எப்படி வுழுது, நெழலு எப்படி வுழுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கானுவ. இத்தன வருஷத்துல ஒரு சொட்டு டீ வந்துதா? அசல் கெட்டிலு கலிஃபோர்னியா மியூசியத்துல சொகுசா குந்தியிருக்குது. பொண்டாட்டி பேச்சைக் கேட்டவன் பேரு நெலச்சுப்போச்சு, அதை மட்டும் நல்லா குறிச்சுக்க.

பொம்மை நடக்கணும்னா வினாடிக்கு 24 படமாம், நிமிஷத்துக்கு 1,440. என் கல்யாணத்துக்கே ஒரே படந்தாண்டா புடிச்சாங்க. அதுலயும் உங்க பாட்டி கண்ணை மூடிக்கிட்டா.

காசு கொட்டும்ங்கறே. புதுச்சேரிப் பையனும் புலியும் படகுல போற ‘லைஃப் ஆஃப் பை’ பாத்தமே, அந்தப் புலிக்கு மயிரு மயிரா உசுரு குடுத்தது ரிதம் அண்ட் ஹியூஸ்னு ஒரு கம்பெனி. 2013 பிப்ரவரியில திவால் மனு போட்டுச்சு. பதினோரு நாள் கழிச்சு அதே புலிக்கு ஆஸ்கர்! மேடையில அவங்காளு கம்பெனிக் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தாரு, ‘ஜாஸ்’ படத்துச் சுறா மியூசிக்கைப் போட்டு எறக்கி வுட்டுட்டாங்க. புலியைச் செஞ்சவனைச் சுறாவை வுட்டுத் தொரத்துன ஊரு அது.

நம்மூரு மட்டும் என்னா? 2014-ல ‘கோச்சடையான்’ வந்துது. ரஜினியே நடிச்சுக் குடுத்தும் பொம்மைக் கண்ணுல உசுரு ஏறல. கண்ணை எப்படித் தொறக்கறதுன்னு பாக்கணும்னா பம்பாய் வரைக்கும் எதுக்கு? கீழ கள்ளக்குறிச்சிக்கு எறங்கு. புவிசார் குறியீடு வாங்குன மரச்சிற்பக்காரங்க பட்டறையில ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு நில்லு. வெரலு மடிப்பு, சேலைக் கொசுவம், கண்ணு எல்லாம் உளியிலேர்ந்து வரும். செல்லுல பாக்காத, நேர்ல பாரு.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. பீசுக்கு ரெண்டு ஆட்டை வித்துத் தர்றேன். அதுங்க நடக்கறப்ப எந்தக் காலுக்கப்புறம் எந்தக் காலை எடுத்து வெக்குதுன்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரைஞ்சு காட்டு. அஞ்சு காலு வந்துதுன்னா சந்தைக்கு ஆடு போவாது, நீதான் அதுங்களை மேய்க்கப் போவணும்.