பெர்க்லிக்குப் போற வழியில

ஏலே பேராண்டி, லிவர்மோர் கோயில்ல நாலு பேரு உன்னப் பத்தி விசாரிச்சா உங்கம்மா என்ன சொல்லுதா தெரியுமா? “பெர்க்லிக்குப் போற வழியில இருக்கான்”ங்கா. மகராசி, பொய்யும் சொல்லல, நெசத்தையும் சொல்லல. கம்யூனிட்டி காலேஜ்னு வாயத் தொறந்து சொல்லிட்டா அர்ச்சனைத் தட்டைத் திருப்பிக் குடுத்துருவாங்கன்னு பயம் போல.

இதுல என்ன வெக்கம்ங்கேன். இல்லினாய்ஸ் பக்கம் ஜோலியட்னு ஒரு ஊர்ல 1901ல ஆறே பிள்ளையள வச்சி ஆரம்பிச்ச சங்கதி இது. இன்னைக்கு இந்தக் கலிபோர்னியால மட்டும் 116 காலேஜ், இருபது லட்சம் பேரு போலப் படிக்காங்க. தீவுல மாட்டிக்கிட்டுப் பந்தோட பேசுவானே ஒரு நடிகன், டாம் ஹாங்க்ஸ், அவன் இந்தா பக்கத்துல ஹேவர்ட்ல இருக்க சாபோ காலேஜ்ல படிச்சவன்தான். விண்வெளிக்கு ஓடம் ஓட்டிட்டுப் போனாளே அய்லீன் காலின்ஸ், அவ நியூயார்க் பக்கம் கார்னிங்கில இதே மாதிரிக் காலேஜ்ல இருந்து வந்தவ. அவங்க அம்மாமாரெல்லாம் எந்தக் கோயில்ல என்ன சொல்லிச் சமாளிச்சாங்களோ.

ஆனா ஒண்ணு, கேட்டியா. நம்ம ஊர்க் குளத்து மடையில பறி வைப்பாங்க, போன லீவுக்கு வந்தப்போ காட்டுனேன்லா? மீனு உள்ள போறதுக்கு ஒரு தடையும் கிடையாது, வாய் அகலமாத்தான் இருக்கும். வெளிய வரலாம்னு திரும்புறப்பதான் ஈக்கியெல்லாம் மூஞ்சில குத்தும். இங்கயும் அதே கததான். பள்ளிக்கூடம் முடிச்சியா, வா. முடிக்கலியா, பதினெட்டு வயசு ஆயிட்டா, அப்பவும் வா. எஸ்ஏடி வேண்டாம், கட்டுரை வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வெளிய வாறது? பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிப் போவேன்னு சொல்லிச் சேந்த பிள்ளையள மாநிலத் தணிக்கைக்காரங்க எண்ணிப் பாத்து 2024ல அறிக்கை போட்டாங்க. நாலு வருசத்துக்குள்ள போய்ச் சேந்தது அஞ்சுல ஒருத்தன்.

மத்த நாலு பேரும் மக்குன்னு நெனைக்காத. வேலை, வீடு, வாடகைன்னு இழுத்துட்டுப் போனது கொஞ்சம் பேரை. எடுத்த பாடம் போற எடத்துல செல்லாமப் போனது இன்னும் கொஞ்சம் பேருக்கு. அந்த நாலு பேர்ல ஒருத்தனா இருக்கணும்னு உனக்கு ஆசைன்னா தாத்தா நல்லா வழி சொல்லித் தாரேன்.

காலேஜ்ல கவுன்சிலர்னு ஒருத்தர் இருக்காரு, அந்தத் திசைப்பக்கம் தலைவச்சும் படுக்காத. அவரோட உக்காந்து எந்தப் பருவத்துல எந்தப் பாடம்னு ஒரு திட்டம் எழுதி, ஒரு அறிமுக வகுப்பையும் முடிச்சிட்டா, பாடம் பதிவு பண்ண முன்னால விடுவான். நமக்கெதுக்கு முன்வரிசை? கடைசியா வந்து காத்திருப்போர் பட்டியல்ல நில்லு. உன் கூட்டாளி எதை எடுக்கானோ அதையே நீயும் எடு. அவன் சமையல் படிக்கப் போறான், நீ கம்ப்யூட்டர் படிக்கப் போற, அதனால என்ன? சினிமா பாக்க ஒரு வகுப்பு, யோகாவுக்கு ஒரு வகுப்பு, காலையில எந்திரிக்காத மாதிரி நேரம் பாத்து இன்னொண்ணு.

அசிஸ்ட்னு ஒரு இணையதளம் இருக்காம்லே. நீ இங்க எடுக்க பாடத்தை அங்க எந்தப் பாடமா ஏத்துக்கிடுவான்னு ஒவ்வொரு காலேஜுக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் வரிவரியாப் போட்டிருக்கு. காசு கிடையாது. அதை மட்டும் தொறந்துராத. தொறந்தா, கால்குலஸ் முடிக்காம கம்ப்யூட்டர் படிப்புப் பக்கம் எட்டிப்பாக்க முடியாதுன்னு மொத வாரமே தெரிஞ்சி போயிரும். ரெண்டாவது வருசம் கடைசில தெரிஞ்சாத்தானே ருசி! பாதிப் படிப்புக்கு 60 யூனிட்டுன்னு கணக்கு. நீ 75 சேத்து வச்சிருப்ப. அங்க போனா அதுல 40தான் உருப்படியான பாடம்னு சொல்லுவான். நம்ம ஊர்ல கணக்கப்பிள்ளைகிட்டச் சிக்குனாக்கூட இவ்வளவு குறையாது.

கிண்டல் போதும். டேக்னு இன்னொரு சங்கதியும் வச்சிருக்கான். சொன்ன பாடத்தைச் சொன்ன மார்க்கோட முடிச்சா எடம் உறுதின்னு கலிபோர்னியா யுனிவர்சிட்டி, அதான் யூசிக்காரன், எழுத்துலயே தாரான். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், இந்த ஆறுல ஏதாச்சும் ஒண்ணு. அதுலயும் சில படிப்புக்குக் கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூணும் இந்தப் பேச்சுக்கே வராது. டேக் போட்டுட்டு பெர்க்லிக்கும் தனியா விண்ணப்பம் போட்டுக்கிடலாம், அதுக்குத் தடையில்ல. நீ போகப்போற வருசத்துக்கு முந்தின வருசம் செப்டம்பர் மாசத்தோட டேக் கதவு சாத்திரும். உங்கப்பன் கரண்ட் பில்லையே கடைசி நாள் ராத்திரி கட்டுத ஆளு, அவன் ஞாபகப்படுத்துவான்னு நம்பிராத.

துட்டு விசயம் கேளு, இதுலதான் எனக்கு மூச்சு அடைச்சிது. இங்க குடியிருக்க பிள்ளைக்கு ஒரு யூனிட் 46 டாலர். 2012லேருந்து ஏத்தவே இல்லியாம். முட்டை ஏறுது, பெட்ரோல் ஏறுது, உங்கம்மா குரல் ஏறுது, இது மட்டும் அப்படியே கெடக்கு. 60 யூனிட்டுக்கும் சேத்து 2,760 டாலர். யூசில ஒரே வருசத்துக்கு 14,000 டாலருக்கு மேல. அந்த 2,760 டாலருக்கும் பாட்டியோட நகைய விக்க வேண்டாதபடி, மொத மொதச் சேந்து முழுநேரம் படிக்க பிள்ளைக்கு ரெண்டு வருசம் கட்டணமே வேண்டாங்க காலேஜும் நெறைய இருக்கு. அதுக்கு ஃபாஃப்சானு ஒரு உதவித்தொகை விண்ணப்பம் எழுதணும். “நமக்கு எதுக்கு, நாம என்ன இல்லாதவங்களா?”ன்னு உங்கப்பன் மீசைய முறுக்குதான். முறுக்கட்டும், அதுபாட்டுக்கு அது. நீ எழுதி வையி. அப்புறம் இந்தப் புத்தக விலை. பாடத்தை விடப் புத்தகத்துக்குக் கூடக் குடுத்துட்டு வந்தவங்க உண்டு. புத்தகச் செலவே இல்லாத வகுப்புக்கு அட்டவணையிலயே அடையாளம் போட்டிருப்பான், கண்ணாடி போட்டுப் பாரு.

ஊர்ல உன் சித்தப்பா மவனும் வாரேன் வாரேங்கான். அவனுக்கு இந்த 46 கணக்கு ஆவாது. வெளிநாட்டுப் பிள்ளைன்னா ஒரு யூனிட்டுக்கு முந்நூறுக்கு மேல. விசாவுக்கு ஒரு பருவத்துல 12 யூனிட்டுக்குக் குறையக் கூடாது. அந்த 12ல ஆன்லைன் பாடம் ஒண்ணுக்கு மேல செல்லாது. நெனைச்ச கடையில வேலை பாக்கவும் முடியாது. அவங்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு, நான் சொன்னா பொறாமைங்கான்.

12 யூனிட்டுன்னா வாரம் 12 மணிநேரந்தானன்னு நீ சிரிச்ச பாத்தியா, அப்பவே நெனைச்சேன். வகுப்புல ஒரு மணின்னா வீட்டுல ரெண்டு மணி. 15 யூனிட் எடுத்தா வாரம் 45 மணிநேரம் ஆச்சு. அதுக்குமேல கடையில 30 மணிநேரம் நிப்பேங்க. தூங்குறது வகுப்புலயாக்கும்?

இன்னொரு கூத்து இருக்கு. இந்த ஊர்க் காலேஜ்லயெல்லாம் பேய் சேந்து படிக்காம். நான் சொல்லல, பேப்பர்ல போட்டிருக்கான். இல்லாத ஆள் பேர்ல விண்ணப்பம் போட்டு, ஆன்லைன் வகுப்புல பேரைக் குடுத்து, உதவித்தொகைய வாங்கிக்கிட்டு மறைஞ்சிருது. நம்ம ஊர்ப் பேய் புளியமரத்தோட திருப்திப்பட்டுரும், இது பேங்கு கணக்கு வச்சிருக்கு. இதுல உனக்கு என்ன சங்கடம்னா, வகுப்பு நெறைஞ்சி போச்சுன்னு காட்டும், நெசமான பிள்ளை வெளிய நிக்கும். அதனால வாத்தியாரு மொத வாரமே ஆளு உண்டா இல்லியான்னு பாப்பாரு. ஆன்லைன் வகுப்புல எட்டிப்பாத்து ரெண்டு வரி எழுதாமக் கெடந்தேன்னா உன்னையும் பேய்க் கணக்குல சேத்து வெட்டிவிட்டுருவாரு. காத்திருப்போர் பட்டியல்ல நிக்கவனும் அந்த வாரம் வகுப்பு வாசலை விடக்கூடாது. நெறைய பேருக்கு எடம் விழுறது அப்பத்தான்.

வகுப்புக்குள்ள போனா உன் வயசுப் பயலுவ மட்டும் இருப்பான்னு நெனைக்காத. பட்டாளத்துல இருந்து வந்தவன் இருப்பான், பகல்ல வேலைக்குப் போய்ட்டு வாறவன் இருப்பான், பிள்ளைய தூங்கவச்சிட்டு வந்த நாப்பது வயசு அம்மா இருப்பா. அந்த அம்மாகிட்ட நோட்டு கேளு, துட்டு குடுத்துப் படிக்கவங்க கையெழுத்தே தனி. வாத்தியாருங்க நல்லவங்க, பெரிய எடத்துல மாதிரி எடுபிடிய அனுப்பமாட்டாங்க, அவங்களே நின்னு நடத்துவாங்க. ஆனா நெறைய பேரு ரெண்டு மூணு காலேஜுக்கு ஓடி ஓடிப் பாடம் எடுத்து, கார்லயே குடித்தனம் நடத்துதாங்க. சந்தேகம் கேக்கன்னு அவங்க ஒதுக்கி வச்சிருக்க நேரத்தைத் தப்பவிட்டுட்டேன்னா அப்புறம் ஹைவேலதான் துரத்திப் பிடிக்கணும்.

ஒரு பாடம் கழுத்தை நெரிக்குன்னா கெடு முடியிறதுக்குள்ள விலகிரு. டபிள்யூன்னு விழும், சராசரி மார்க்குல கை வைக்காது. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வகுப்புக்குப் போகாமக் கெடந்தா எஃப் விழும், அது கூடவே வரும்.

மாறிப் போறதுதான் மோட்சம்னும் இல்ல, ஆமா. நர்ஸுக்கும் மூச்சு வைத்தியத்துக்கும் நீ சேர்ற ஓலோனி காலேஜ்லயே படிப்பு இருக்கு. அதை முடிச்சவங்க சம்பளத்தை உங்கப்பன்கிட்ட மெதுவாச் சொல்லு, மீசை தன்னால எறங்கும்.

சரி, இப்பமே எந்திரி. ஆகஸ்ட் வரைக்கும் விட்டேன்னா அந்தக் கவுன்சிலர் வாசல்ல நிக்க எடம் கெடைக்காது. என்ன படிக்கப் போறன்னு கேப்பாரு. தெரியலன்னு சொல்லு, அவரு தெனம் கேக்க பதில்தான். எங்க தாத்தாவைக் கேட்டுச் சொல்லுதேன்னு மட்டும் சொல்லிராதலே, நான் படிச்ச எட்டாங்கிளாஸ் அவரு அசிஸ்ட் பட்டியல்ல எந்தப் பாடத்துக்கும் ஒத்துவராது.