முழங்காலில் ஓர் ஈ

என் பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி உண்டு. முதல் வரியில் கன்னத்து மச்சம். இரண்டாவதில், இடது முழங்காலில் ஒரு 'ஸ்கேர்'.

ஸ்கார் என்று இருக்க வேண்டும். குரங்குப் பெடல் போட்டு ஜல்லிமேட்டில் விழுந்த தழும்பு அது. ஆபீஸ் ரூம் கிளார்க், "நீயே இங்கிலீஷ்ல எழுதிக் கொண்டாடா" என்று துண்டுச்சீட்டு கொடுத்தார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான். நான் கடைசியில் ஓர் 'ஈ' சேர்த்துவிட்டேன். புண்ணில் ஈ உட்காருவது உலக வழக்கம். ஆறிப்போன தழும்பில் உட்கார்ந்தது என்னுடையது மட்டும்தான். ஆக, அரசாங்க ரெக்கார்டுபடி என் இடது முழங்காலில் இருப்பது பயம். ஐம்பது வயசில் மாடிப்படி ஏறும்போது, அது ஒன்றும் தப்பான தகவல் இல்லை என்று தெரிகிறது.

அப்புறம் வேலைக்கு வந்தேன். புரமோஷன் கிடைக்காமல் இடிந்துபோயிருந்த சீனியர் ஒருவரைத் தேற்றப் போனேன். "டைம் வில் ஹீல் யுவர் வவுண்ட், சார்" என்றேன். எழுத்து அப்படித்தானே இருக்கிறது? காயம் என்றால் 'வூண்ட்', சாவி முறுக்கியாச்சு என்றால் 'வவுண்ட்' என்று யார் கண்டது? டைம் என்று வேறு ஆரம்பித்துத் தொலைத்தேனா, மனுஷன் சட்டென்று கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். "ஓடுதே" என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். சொல்லமாட்டீர்கள். நான் சொல்லிவிடுகிறேன், பரவாயில்லை.

பீரோ கதவில் ஆள்காட்டி விரலை வைத்து நசுக்கிக்கொண்டேன். நகம் நாவல்பழமாகக் கறுத்துவிட்டது. லீவு மெயிலில் நன்றாக உறைக்கட்டுமே என்று 'பெர்மனன்ட் இஞ்சுரி' என்று தட்டினேன். ஹெச்.ஆரிலிருந்து போன். "சார், பெர்மனன்ட்னு போட்டிருக்கீங்க. லீவு ரெண்டு நாள்தான் கேட்டிருக்கீங்க?" அது வெறும் வார்த்தை இல்லையாம், நிரந்தரம் என்றால் நஷ்டஈட்டுச் சமாசாரமாம். எவ்வளவு தேறும் என்ற ஆசையில் தேடிப் பார்த்தேன். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் விரல்களுக்கு ஓர் அட்டவணையே இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போச்சு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. மோதிர விரலும் சுண்டு விரலும் பாவம், ஆளுக்கு 7. நகத்துக்கு? நகத்துக்கு வரியே இல்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன்.

இதெல்லாம் உடம்போடு போயிற்று. போன மாசம் காலேஜ் படிக்கிற மகள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா, நீங்க கணக்கு சொல்லிக்குடுத்தது எனக்கு சைல்ட்ஹுட் ட்ராமா."

"அந்த ஆண்டு விழா டிராமாவா? நீ மரமாத்தானே நின்னே" என்றேன்.

சாம்பார் கரண்டியோடு வந்த மனைவி அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

ராத்திரி அகராதியை எடுத்தேன். ட்ராமா கிரேக்கச் சொல்லாம்; அர்த்தம் வெறும் காயம். ஆஸ்பத்திரியில் ட்ராமா வார்டு என்றால் இன்றைக்கும் பைக்கிலிருந்து விழுந்தவர்கள்தான் படுத்திருக்கிறார்கள். மனசுக்குள் அது குடிபோனது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. என்கிற மனக்காயக் கோளாறைச் சேர்த்தது. வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்கள் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே 1980-இல்தான் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்றும் அறிவித்தார்கள். முகத்தில் தழும்பு போட்டது ஒழிந்த வருஷமே மனசுத் தழும்புக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்த தெம்பில், "வியட்நாம் பக்கத்துல என் வாய்ப்பாடும் சேருமா?" என்று மகளைக் கேட்டேன். "பதினேழாம் வாய்ப்பாடு மட்டும் சேரும்" என்றாள்.

இங்கிலீஷைச் சொல்லி என்ன? அடிபட்டாலும் காயம், உடம்புக்கும் காயம், அதையே பெரிசாக்கி ரசத்தில் கரைத்துவிடுகிறோம். வடுவோ ஊறுகாய் ஜாடியில் உப்புத்தண்ணீரில் மிதக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் ஒரு மெயில் ஒழுங்காக எழுதுவானா?

இருந்தாலும் மகளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அந்த நாளில் ஸ்கேலை மேஜையில் தட்டிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் தோள் ஒருதரம் தூக்கிப்போடும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. வாட்ஸப்பில் இங்கிலீஷிலேயே அனுப்பினேன். 'உனக்கு உண்டாக்கிய ஸ்கார்களுக்கு ஸாரி' என்பது உத்தேசம். அனுப்பியபிறகு கண்ணாடி போட்டுப் பார்த்தால், அதே ஈ. முழங்காலிலிருந்து பறந்துவந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேர்களுக்கு ஸாரி.

அழிக்கப் போனேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டாள். அட்டவணைப்படி 30 சதவீதம்.