பொன்னேரும் பதினோரு பக்கமும்

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ஒரு பஞ்சாயத்து கிடக்கு. பொங்கலுக்கு வந்தப்ப ஒரு டைரியை மறந்துட்டுப் போயிட்டே. பதினோரு பக்கம் முத்து முத்தா எழுதியிருக்கே. அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும், கோபப்படக் கூடாது, ராத்திரியில போனைத் தொடக் கூடாது, தினமும் தியானம். பன்னெண்டாம் பக்கத்துல இருந்து ஒங்க ஆச்சி பால்கணக்கு எழுதுறா. நேத்து வரைக்கும் ஒரு நாள் விடுபடலை. தீர்மானத்தை விடத் தயிருக்குத்தான்லே ஆயுசு கெட்டி.

ஒன்னைக் குத்தஞ் சொல்ல மாட்டேன். நீ விதைச்ச மாசம் அப்படி. ஜனவரி ஒண்ணுன்னா நமக்கு மார்கழி பாதி. நம்ம கரிசக்காட்டுல உளுந்து காய் புடிச்சு நிக்கும், சோளம் கதிர் வாங்கியிருக்கும். வெள்ளாமை நிக்கிற காட்டுக்குள்ள ஒருத்தன் விதைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு எறங்கினா ஊரு என்ன செய்யும்? பூசாரியைத்தான் கூட்டியாரும்.

வருசப்பிறப்பு எதுங்கிற சண்டைக்கு நான் வரலை. தை ஒண்ணுதான்னு 2008ல சட்டம் போட்டாக. 2011ல சித்திரைக்கே திருப்பினாக. அந்த மூணு வருசமும் நம்ம வாசல் வேம்பு அரசாணையைப் பாத்துப் பூக்கலை. பங்குனி வெயில் ஏறவும் அதுபாட்டுக்குப் பூத்துச்சு, ஒங்க ஆச்சியும் அதுபாட்டுக்குப் பச்சடி வச்சா.

இன்னைக்குக் காலையில சித்திரை மொத உழவுன்னு பொன்னேர் பூட்டினதைப் பாத்தியா? படம் புடிச்சே, பாத்தியான்னு கேக்கேன். அந்தக் காலத்துல ஊர்மாடு பூராவும் வரிசை கட்டும். இப்ப டிராக்டருக்குச் சந்தனம் வச்சு, மாலை போட்டு, நாலு சால் ஓட்டுறாக. போகட்டும், சாமிக்கு டீசல் வாடை பழகியிருக்கும். ஆனா நல்லாக் கவனி. இன்னைக்கு ஓட்டினவன் எவனும் நாளைக்குப் போய் மொளைச்சிருக்கான்னு குனிஞ்சு பாக்க மாட்டான்.

சித்திரையில உழவு மட்டுந்தான்லே. ஒரு கோடை மழை விழுந்ததும் மண்ணைப் புரட்டிப் போடுவோம். அடியில படுத்திருந்த கூட்டுப்புழு வெளிய வரும். கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும். கோரைக்கிழங்கு வெயில்ல காயும். அடுத்து விழுற மழை ஓடிப்போகாம உள்ள எறங்கும். நாம செய்யிறது புரட்டுறது மட்டுந்தான். மிச்சத்தை வெயில் பாத்துக்கிடும்.

நீ என்ன செஞ்சே? கோபப்படக் கூடாதுன்னு எழுதி, கோபத்தை மண்ணுக்குள்ள நல்லா அமுக்கி மூடிட்டே. உள்ள இருக்கிற புழு மாசியில எந்திரிச்சு, பஸ்ல எடம் தராதவன் மேல பாஞ்சிருக்கு. மேல எடுத்துப் போடு. நான் முன்கோபக்காரன், பொண்டாட்டி சொன்னாச் சிரிப்பேன், மேனேஜர் சொன்னா மூணு நாள் தூங்க மாட்டேன்னு ஒனக்கு நீயே சொல்லு. காயட்டும். கரிசமண்ணு கோடையில தன்னாலயே பாளம் பாளமா வெடிச்சுக் காட்டுது. ஒனக்கு மட்டும் என்ன பூசி மெழுகிக்கிட்டு?

விதைக்கக் காலம் இருக்கு. வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி பூராவும் காடு சும்மாத்தான் கிடக்கும். பாக்குறவனுக்குச் சோம்பேறிக் காடு. புரட்டாசியில, வானத்துல மேகமே இல்லாதப்ப, காஞ்ச புழுதியில விதையைப் போடுவோம். மழை வருமான்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. நீ கண்ணை மூடி உக்காந்து தேடுற பக்தி இருக்கு பாரு, அதை ஒங்க பூட்டன் புழுதி விதைப்புன்னு சொன்னாரு.

நான் பிறந்த வருசத்தோட பேரு 60 வருசங் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. என்னமோ மாறியிருப்போம்னு கண்ணாடியைப் பாத்தேன். அதே மூஞ்சி, பல்லு மட்டும் பாதி. அதனால வருசத்தைப் புதுசாக்குறேன்னு அலையாதே. அது தன்னால திரும்பி வரும். நீ காட்டைப் பாரு.

என்னலே சிரிக்கே? ஆச்சி சொல்லிட்டாளா? ஆமா, நாப்பது சித்திரையா இந்தப் புகையிலையை விடணும்னு உழுதுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்ல ஆழ உழவு. அந்தப் பொட்டணத்தை இப்படி எடு. புரட்டாசிக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு.