பெயர் போன ஊர்கள்

கே: பொது அறிவுத் தேர்வில் ‘அப்பர் வோல்டா’ இன்று எந்த நாடு என்று கேட்டார்கள். கோட்டை விட்டுவிட்டேன்.
(ஆலங்குடி வாசகர்)

ப: புதுக்கோட்டைக்காரர் கோட்டை விடலாமா? விடை, புர்கினா பாசோ. வோல்டா ஓர் ஆறு. போர்த்துகீசியர் வைத்த பெயர். ஆற்றின் மேற்பகுதி நிலத்தைப் பிரான்ஸ் 1919-இல் தனிக் காலனி ஆக்கியது, 1932-இல் கலைத்து அக்கம்பக்கத்துக் காலனிகளுக்குப் பங்கு வைத்தது, 1947-இல் மறுபடி ஒட்டவைத்தது. 1960-இல் விடுதலை வந்தும் பெயர் மாறவில்லை. 1984-இல்தான் அதிபர் தாமஸ் சங்காரா மாற்றினார். ‘புர்கினா’ மோரே மொழி, நேர்மை என்று பொருள். ‘பாசோ’ தியுலா மொழி, தந்தையர் வீடு. குடிமக்களைக் குறிக்கும் ‘புர்கினாபே’யின் ‘பே’ ஃபுலா மொழி. மூன்று வீட்டு அரிசியில் பொங்கிய கூட்டாஞ்சோறு!

கே: ஆற்றை வைத்து நாட்டுக்குப் பெயரிடுவது வெள்ளைக்காரன் புத்திதானே?
(அறந்தாங்கி வாசகி)

ப: ஆற்றை எல்லையாக வைப்பது நம் புத்தியும்தான். வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. ஆனால், கரைக்கொரு பெயர் வைக்குமளவு நம்மவருக்குச் சொல் இருந்தது; ‘மேல் வெள்ளாறு’ என்று எழுதிவிட்டுப் போகவில்லை. இரண்டும் வரைபடத்தில் இல்லை. கானாடு மட்டும் பக்கத்து மாவட்டத்துக் கானாடுகாத்தானில் இன்னும் ஒலிக்கிறது.

கே: புதுக்கோட்டைக்கு வந்தேன். கோட்டை எங்கே?
(சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்)

ப: பஸ் ஸ்டாண்டில் கேட்டிருந்தால் திருமயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் கோட்டை அங்கேதான். நகரத்தில் உங்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை, திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் நூல் பிடித்ததுபோல் நேராக்கிய வீதிகள். இந்த இடத்தின் பழைய பெயர்கள் கலசமங்கலம், சிங்கமங்கலம். மங்கலங்கள் ஏட்டோடு நின்றன. கோட்டை பெயரோடு நின்றது. ‘புது’ மட்டும் எப்படி முன்னூறு வருஷம் தாண்டியும் புதிது என்கிறீர்களா? ஐம்பது வருஷத்துக்கு முன் வாழ வந்த ஆச்சியைத் தெருவே இன்னும் ‘புதுப்பொண்ணு’ என்று கூப்பிடுவதில்லையா?

கே: திருமயம் என்றால் எது மயம்?
(பொன்னமராவதி மாணவர்)

ப: மயமில்லை, மெய்யம். அங்கே கோவில்கொண்ட பெருமாள் வடமொழியில் சத்தியமூர்த்தி, தமிழில் மெய்யர். அவ்வூரில் 1887-இல் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவருக்கும் அதே பெயர். பேச்சு வழக்கில் ‘மெய்’ தேய்ந்து ‘மய்’ ஆனது. மெய் தேய்வது ஊர்ப்பெயரில் மட்டுமா?

கே: திருப்பெருந்துறைக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் முழித்தார்.
(திருச்சி வாசகர்)

ப: மாணிக்கவாசகர் கேட்டிருந்தாலும் முழித்திருப்பார். ‘ஆவுடையார்கோவில்’ என்று கேளுங்கள். கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். இருப்பதைச் சொல்லும் பெயர். புதுக்கோட்டை மாதிரி, தேட வைக்கும் பெயரில்லை.

கே: ஒரு தனி மனிதர் பெயரை நாட்டுக்கே வைத்து ‘ரொடீசியா’ என்றார்களே, என்ன ஆணவம்!
(விராலிமலை ஆசிரியர்)

ப: சிசில் ரோட்ஸின் பெயர் அது. 1980 ஏப்ரல் 18-இல் விடுதலையோடு இறங்கியது. வந்த பெயர் ஜிம்பாப்வே; ஷோனா மொழியில் கல் வீடுகள். கல்லையே நம்பி வாழும் நம் மாவட்டத்துக்குப் பொருத்தமான சம்பந்தி! ஆணவம் நமக்கும் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்து நார்த்தாமலையைக் கல்வெட்டு ‘தெலுங்ககுலகாலபுரம்’ என்கிறது. தெலுங்கர் குலத்துக்கு எமனின் ஊர்! சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சனங்கள் அங்கே வாழ்ந்த வணிகர்களை வைத்து ‘நகரத்தார்மலை’ என்றார்கள். அது நார்த்தாமலை ஆனது. வென்றவர் பெயர் கல்லில், விற்றவர் பெயர் சொல்லில்.

கே: பெயரை மாற்றினால் நாடு மாறிவிடுமா?
(கீரனூர் வாசகர்)

ப: காங்கோ அதிபர் மொபுட்டுவிடம் கேட்டிருக்க வேண்டும். ‘எல்லாம் சுதேசி’ என்று முழங்கி, 1971-இல் காங்கோவை ‘ஜயர்’ ஆக்கினார். அந்தச் சொல்லோ, ஆற்றைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லைப் போர்த்துகீசியர் கடித்துத் துப்பியது. 1997-இல் அவர் போனார், கூடவே பெயரும் போனது. சொந்தச் சரக்குக் கடைக்கு வெளியூரில் பலகை எழுதி வாங்கினால் அப்படித்தான்.

கே: சமஸ்தானம் போய் எத்தனையோ வருஷம். எங்கள் தாத்தா சாகும்வரை ‘நான் சமஸ்தானத்துக்காரன்’ என்றார். என்ன பிடிவாதம்?
(திருக்கோகர்ணம் வாசகி)

ப: 1948 மார்ச் 3-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்தில் கரைந்தது. 1974 ஜனவரி 14-இல் மாவட்டமாகத் திரும்பி வந்தது. நடுவில் இருபத்தாறு வருஷம், உங்கள் தாத்தா விலாசத்தில் ‘திருச்சி மாவட்டம்’ என்று எழுதியிருப்பார். வாயால் சொல்லியிருக்க மாட்டார். வீட்டுப் பெட்டியைத் துழாவுங்கள், சின்னஞ்சிறு செப்புக்காசு அகப்படலாம். ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. தொண்டைமான் மன்னர் அச்சடித்த காசு. ஆனால் ‘தொண்டைமான் காசு’ என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் ஊர் பிரகதாம்பாளை வைத்து ‘அம்மன் காசு’தான். செல்லாமல் போனது காசு. பெயர் இன்னும் செல்லுகிறது!