நேராக அடித்த முளை

தனியாக இரண்டு ராத்திரி பாலைவனத்தில் தங்கப் போகிறேன் என்று அறிவித்தபோது வீட்டில் யாரும் கண்கலங்கவில்லை. சங்கப் பாடல்களில் தலைவன் பாலை வழியே கிளம்பப் போகிறான் என்று காதில் விழுந்ததுமே தலைவிக்கு வளையல் கழன்றுவிடும். தோழி ஓடிவந்து செந்நாய், கள்வர், வற்றிய சுனை என்று ஒரு பட்டியலே வாசித்து வழி மறிப்பாள். என் தலைவி லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, "ரெண்டு நைட்டா? ஒரு நைட்டு தாக்குப்பிடிச்சாலே பெருசு" என்றாள். அவள் கையில் இருந்தது ஸ்மார்ட் வாட்ச். அது இம்மியும் நெகிழவில்லை.

அந்தத் தலைவர்களாவது பொருள் தேடப் போனார்கள். நான் போனது பொருளைச் செலவழிக்க. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், நெற்றியில் கட்டும் விளக்கு, மடக்கு நாற்காலி, ஒற்றை அடுப்பு என்று கடையில் பில் நீண்டபோது, 'இந்தக் காசுக்கு நீச்சல்குளம் வச்ச லாட்ஜிலயே ரூம் போட்டுருக்கலாமேல' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அப்பாவின் குரல். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் நான் கிரெடிட் கார்டை நீட்டும் இடத்திலெல்லாம் தவறாமல் ஆஜராகிவிடுவார்.

போக நினைத்த இடம் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சுமார் 225 கிலோமீட்டர். மொஹாவே பாலையும் கொலராடோ பாலையும் கைகோத்துக்கொள்ளும் இடம். பரப்பு ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு கன்னியாகுமரி மாவட்டம். அவ்வளவு இடத்தில் எனக்கென்று கொஞ்சம் தனிமை கிடைக்காமலா போகும்?

தவிர, நான் உடன்குடிக்காரன். எங்கள் பக்கம் தேரி உண்டு. செக்கச்செவேலென்ற மணல்மேடு, பனை, உடைமரம், கொல்லாமரம் என்று பார்த்து வளர்ந்தவனுக்கு மணல் என்ன புதுசா? அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் இரண்டு ஆடு வளர்த்தார். தேரி மணலில் ஆட்டைக் கட்டுவதற்கு முளையடிக்கும்போது பாடம் நடத்துவார். "ஏல, முளையச் சாய்ச்சு அடிக்கணும். நேரா அடிச்சா ஆடு மட்டுமா போகும், முளையும் சேந்துல்லா போகும்." நான் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.

தொல்காப்பியர் பாலைக்கு வகுத்த பொழுது வேனிலும் நண்பகலும். நான் போய்ச் சேர்ந்தது கார்த்திகை மாதத்து ராத்திரி. இலக்கணப் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பியும் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டேன். சான் கார்கோனியோ கணவாயில் மலையடிவாரம் நெடுக ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அச்சு அசல் ஆரல்வாய்மொழி. காற்று பலமாக அடிக்கிற இடமாகப் பார்த்துத்தான் காற்றாலை நடுவார்கள் என்ற பாலபாடம் அப்போது எனக்கு ஏனோ உறைக்கவில்லை. ரசித்துக்கொண்டே போனேன்.

யக்கா வேலி ஊரில் பெட்ரோல் போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். பூங்காவுக்குள் போனால் சிக்னல் கிடையாது.

"எய்யா, இன்னைக்கு அமாவாசைல்லா? எங்க சுத்திக்கிட்டு இருக்க?"

"இங்க இன்னும் வெள்ளிக்கெழமதாம்மா. நாளைக்குத்தான் அமாவாசை." நட்சத்திரம் பார்க்க வசதி என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லவில்லை.

"என்னைக்கோ ஒண்ணு. காக்காக்கு வைக்காம நீ வாயில எதையும் போட்றாத. அப்பா பசியோட வருவாக."

சரியென்று சொல்லி, மனைவி கட்டிக் கொடுத்த டப்பாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றில் புளியோதரை, ஒன்றில் உளுந்தவடை ஆறு. பூங்கா வாசலில் இருந்த ரேஞ்சர் அம்மையார் ஒரு வரைபடத்தையும் துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்து, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, கட்டாயம் வேண்டும். உள்ளே பெரும்பாலான முகாம்களில் குழாயே இல்லை. இருக்கிறது என்றேன். "தனியாகவா?" என்றார். ஆமாம் என்றேன். உடன்குடி பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பவனைப் பார்த்துக் கேட்பார்களே, அதே தொனி. பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: வன உயிர்களுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம்.

அம்மா ஒரு பக்கம், அமெரிக்க அரசாங்கம் ஒரு பக்கம்.

எனக்குக் கிடைத்தது ரயன் முகாம். மொத்தமே 31 இடங்கள். 1,300 மீட்டர் உயரம், ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பாலைவனம் என்றதும் வெயிலை மட்டுமே நினைத்துத் தொப்பியும் களிம்பும் வாங்கியவனுக்குக் கார்க் கதவைத் திறந்ததும் பல் தந்தியடித்தது. கூடாரத்தின் உறையில் 'இருவருக்கானது, ஐந்து நிமிடத்தில் கட்டலாம்' என்று இருந்தது. அந்த இருவரும் கணவன் மனைவியாக, அதுவும் சண்டை போடாத நாளாக இருந்தால் படுக்கலாம். ஐந்து நிமிடம் என்பது அந்த வாசகத்தை வாசித்து முடிப்பதற்கான நேரம். முளைகள் இறங்கவே இல்லை. அங்கே தரை தேரி மணல் அல்ல, பொடிந்த கருங்கல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகி இறுகிய பாறையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஒரு கல்லை எடுத்துத் தட்டியதில் முளை இரண்டு அங்குலம் இறங்கியது. நெட்டுக்குத்தாக நின்றது. போதும் என்று விட்டுவிட்டேன்.

இடப்பக்கம் கிட்டாரோடு நான்கு பையன்கள். வலப்பக்கம் வேனும் கிழட்டு நாயுமாக ஒரு வயதான பெண்மணி. பையன்களில் ஒருவன் வந்து, "தனியாகவா? வா, எங்களோடு உட்கார்" என்றான். தனிமை தேடி வந்தவன் என்று விளக்கினேன். அவன் முகத்தில் அப்படியொரு பரிதாபம். சற்று நேரத்தில் அந்தப் பெண்மணி, எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்று தானாகவே முடிவு செய்து, சூடாகக் கோகோ கொண்டுவந்து கொடுத்தார். மறுக்க மனம் வரவில்லை. கோகோ நன்றாக இருந்தது.

ஸ்லீப்பிங் பேக்கில் 40 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். ஃபாரன்ஹீட் கணக்கு, அதாவது நம் 4 டிகிரி. அந்தக் குளிர் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அதுவரைக்கும் சுருண்டு கிடந்து எப்படியாவது இரவைத் தள்ளிவிடலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அன்றைக்கு அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். கூடாரத்துக்கு வெளியே ஏதோ தத்தித் தத்திப் போகும் சத்தம். விளக்கைப் போட்டால் கங்காரு எலி. உள்ளங்கையில் அடங்கும் உருவம், உடம்பைவிட நீளமான வால், முன்னங்கால்களைக் கூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் விதைகளைத் தின்றே உடம்புக்கு வேண்டிய ஈரத்தைத் தயாரித்துக்கொள்ளும் பிராணி. நானோ பயத்தில் இரண்டு லிட்டர் குடித்து வைத்திருந்தேன். நடு ராத்திரியில் கழிப்பறைக்கு நடக்க வேண்டியதாயிற்று.

வானத்தைப் பார்த்தது அப்போதுதான். விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். கார்த்திகை உச்சந்தலைக்கு மேல். வெறுங்கண்ணுக்கே ஆறும் தனித்தனியாக. கிழக்கே மிருகசீரிடம், சற்று இறங்கித் திருவாதிரை சிவப்பாக. பால்வழி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோலமாவு சிந்தியது மாதிரி. எதற்காக எழுந்து வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. 2017-இல் இந்தப் பூங்காவைச் சர்வதேச இருண்ட வான் பூங்கா என்று அங்கீகரித்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். 2012-இல் எங்களூரில் நாள் முழுக்க மின்வெட்டு இருந்தபோது யாரும் ஒரு பாராட்டுக் கடிதம்கூட அனுப்பவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. பசி. மேசைமேல் டப்பாக்களை வைத்து மூடியைத் திறந்ததும் எதிர்முனையில் தொப்பென்று வந்து இறங்கியது ஓர் அண்டங்காக்கை. நம் ஊர்க் காக்கை மாதிரி இரண்டு மடங்கு. உடம்பு முழுக்க மினுமினுப்புக் கறுப்பு, தாடையடியில் சிலிர்த்த தாடி. பறக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து முதலில் என்னை, பிறகு வடையை, பிறகு மறுபடி என்னைப் பார்த்தது. விடைத்தாளில் முதல் வரியைப் படித்துவிட்டு அப்பா மாணவனைப் பார்க்கும் பார்வை.

வைத்தால் சட்டப்படி குற்றம். வைக்காமல் சாப்பிட்டால் அம்மா. ஆக, திறந்த டப்பாவின் முன்னால் பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். நேரத்தைக் கடத்தப் பிரசுரத்தை வாசித்தேன். மினர்வா ஹொய்ட் என்றொரு பெண்மணி. கணவரையும் மகனையும் இழந்த துக்கத்தில் இந்தப் பாலைவனத்துக்கு வந்து ஆறுதல் தேடியவர். இங்கிருந்த செடிகளைப் பணக்காரத் தோட்டங்களுக்காகப் பெயர்த்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்காமல் வருடக்கணக்கில் போராடினார். 1936-இல் ரூஸ்வெல்ட் இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார், 1994-இல் தேசியப் பூங்காவானது. நிமிர்ந்தேன். காக்கை இரண்டடி நெருங்கியிருந்தது.

தண்ணீர் எடுக்கக் காருக்குப் போனேன். போகும்போது வடை டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தினேனா என்பதை எந்த நீதிமன்றத்திலும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

திரும்பிப் பார்க்கையில் மூடி மண்ணில் கிடந்தது. வடையின் ஓட்டைக்குள் அலகை நுழைத்து, மோதிரம் போட்டதுபோல மாட்டிக்கொண்டு, காக்கை பாறைக்குப் பறந்தது. நான் குடத்தோடு வாய்பிளந்து நிற்க, இரண்டாவது நடையும் வந்தது. மூன்றாவது, நான்காவது. அதற்குள் வேன் பெண்மணி நாயோடு ஓடிவந்து கையைத் தட்டி விரட்டினார். மனிதர்களின் மிச்சத்தைத் தின்றே இந்தப் பாலையில் அண்டங்காக்கைகள் பெருகிவிட்டன என்றும், அவை ஆமைக்குஞ்சுகளின் ஓட்டைக் கொத்தித் தின்கின்றன என்றும், பாலைவன ஆமையே அருகிக்கொண்டிருக்கிறது என்றும் எனக்கு வகுப்பெடுத்தார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் முன்னோர் கணக்கில் இப்படியொரு ஆமைக்கொலைக் கேஸ் சேருமென்று நினைக்கவில்லை. மீதி இரண்டு வடையையும் காரில் வைத்துப் பூட்டினேன்.

பாட்டி வடை சுட்ட கதைப்படி அடுத்து நரி வரவேண்டும். முகாமின் ஓரத்தில் ஒரு கயோட்டி நிஜமாகவே எட்டிப் பார்த்துவிட்டு, பாடச் சொல்லிக் கேட்கும் அளவுக்குப் பொறுமையில்லாமல் போய்விட்டது.

காக்கை போகவில்லை. கூடாரத்தைச் சுற்றி நடந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தேர்வு ஹாலில் நடக்கும் நடை. மேற்கு மூலையில் நின்று முளையை ஒரு கொத்து, இரண்டு கொத்து. அலகால் பற்றி இழுத்தும் பார்த்தது. "சூ" என்றேன். என்னைப் பார்த்தது. அதிருப்தி என்றால் அப்படியொரு அதிருப்தி. பறந்துவிட்டது.

மதியம் நடக்கப் போனேன். திரும்பும்போது காற்று கிளம்பியிருந்தது. நேற்றுப் பார்த்த காற்றாலைகளை எல்லாம் சுற்றி முடித்துவிட்டு, மிச்சம் பூராவும் இந்தப் பக்கம் திரும்பியதுபோல. முகாமில் என் மேசை இருந்தது, நாற்காலி குப்புறக் கிடந்தது, கூடாரத்தைக் காணோம்.

ஐம்பதடி தள்ளி ஒரு ஜோஷுவா மரத்தின் உச்சியில் அது படபடத்துக்கொண்டிருந்தது. தாழம்புதர் பனைமரத்தைக் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளைபோல இருக்கும் அந்த மரம். கையை எட்டுத் திசையிலும் முறுக்கி நீட்டி, ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கொத்து ஈட்டி. சொல்லப்போனால் நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தக்காரன், ஒரே தாவரக் குடும்பம். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் ஒரு இணுக்கு ஒடிந்தாலும் பாவம், பாவத்தோடு அபராதமும். நான்கு கிட்டார்ப் பையன்கள், வேன் பெண்மணி, குரைத்து வழிகாட்டிய நாய், நான். ஒரு மணி நேரம் பாடுபட்டு, மரத்துக்கு ஒரு கீறலில்லாமல் கூடாரத்தை இறக்கினோம். கூடாரம் சல்லடை. ஒவ்வொரு கயிற்று நுனியிலும் பிடுங்கிய முளை, நேராக, வளையாமல், பளபளவென்று தொங்கியது.

தனிமைப் பயணத்தின் இரண்டாம் இரவை நான்கு பையன்களின் கணப்பைச் சுற்றிக் கழித்தேன். புளியோதரையை ஆறு பங்காக்கினோம். உறைப்பில் ஒருவன் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொரு தரம் கேட்டான். படுக்கை காரின் பின்சீட்டில். மனைவியிடம் இரண்டு ராத்திரி என்று சொன்னது நிறைவேறிவிட்டது. எங்கே என்று அவள் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யக்கா வேலியில் சிக்னல் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"காக்கா வந்துச்சாய்யா?"

"வந்துச்சும்மா. பெரிய காக்கா. நான் வைக்கல, அதுவே எடுத்துக்கிட்டு."

"எத்தன?"

"நாலு வட."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அப்பாதான். எண்ண ஆகாதுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து நான் ஒண்ணுக்கு மேல குடுக்கல பாத்துக்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ சாப்ட்டியா? குளுரா? கூடாரமெல்லாம் வசதியா இருந்துச்சா?" என்றாள்.

"நேத்து காத்துல பறந்துட்டும்மா. மரத்துல போயி மாட்டிக்கிட்டு."

"முளைய நேராவா அடிச்ச?" என்றாள் அம்மா.